அக்காவுக்குக் கவுன்சலிங் தேடுகிறீர்களா? கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது

கேள்வி இதுதான். அக்கா இரண்டு குழந்தைகளுடன் கணவர் வீட்டைவிட்டு வெளியேறி நாலு மாதம் ஆகிறது. ஒன்பது வருடம் அடி, வசவு, கையில் காசு தராமல் வைத்திருந்தது எல்லாம் நடந்திருக்கிறது. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. யாராவது கதவைத் தட்டினாலே உடம்பு நடுங்குகிறது. தனியார் கவுன்சலர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குச் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. இதற்கிடையில் உறவினர் ஒருவர், "இலவசமாகக் குடும்பக் கவுன்சலிங் தரும் இடம் தெரியும், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள்" என்கிறார். அங்கே போகலாமா, இல்லையென்றால் வேறு எங்கே தேடுவது என்று தங்கை கேட்டிருக்கிறார்.

முதலில் உறவினர் சொன்ன இடம். அங்கே போக வேண்டாம்.

இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைக்கும் ஆலோசனை, இருவரும் பயமில்லாமல் பேச முடியும் என்ற நம்பிக்கையில் நடப்பது. உங்கள் அக்காவால் அப்படிப் பேச முடியாது. அவர் அறைக்குள் உண்மையைச் சொன்னால் அதற்கான தண்டனை வெளியே காத்திருக்கும். சொல்லாவிட்டால், "இவங்களுக்குள்ள பெரிசா ஒண்ணும் இல்லையே, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்று முடியும். போதாததற்கு, அவர் எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியாக வருவார் என்று கணவருக்குத் தெரிந்துவிடும். இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. 2011இல் ஐரோப்பிய நாடுகள் இஸ்தான்புல்லில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 48ஆவது பிரிவு, இத்தகைய வன்முறை வழக்குகளில் சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கக் கூடாது என்றே சொல்கிறது. உங்கள் உறவினர் கெட்டவர் இல்லை. சண்டை வேறு, வன்முறை வேறு என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, எந்த இடத்துக்கு ஃபோன் செய்தாலும் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "நீங்கள் அவங்க கணவரையும் கூப்பிடுவீர்களா?" நல்ல இடத்தில் பதில் உடனே வரும்: "இல்லை, கூப்பிட மாட்டோம். அவங்க இங்கே வந்தது யாருக்கும் தெரியாது." "அது கேஸைப் பொறுத்தது" என்றோ, "ரெண்டு பக்கமும் கேட்டாத்தானே தெரியும்" என்றோ இழுத்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். இலவசமாக இருந்தாலும் சரி, பெயர்பெற்ற இடமாக இருந்தாலும் சரி.

சரி, எங்கே தேடுவது?

பெரும்பாலானவர்கள் "குறைந்த கட்டணக் கவுன்சலர்" என்று தேடுகிறார்கள். அதில்தான் காலம் போகிறது. "குடும்ப வன்முறை உதவி அமைப்பு" என்று தேடுங்கள். ஏனென்றால், இந்த அமைப்புகளில் பெரும்பாலும் கவுன்சலிங் இலவசம். அரசு நிதியிலோ நன்கொடையிலோ நடப்பவை, வந்தவரிடம் காசு வாங்கி நடப்பவை இல்லை. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் ஒரு சாதாரண வீட்டில் எரின் பிஸ்ஸி என்பவர் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தது இந்தவகைக் காப்பகங்களில் முதன்மையானவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அப்போதிருந்தே தங்குமிடம், சட்ட உதவி, பேச ஆள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்ற வழக்கம் இந்த அமைப்புகளுக்கு வந்துவிட்டது.

இங்கே மூன்று தப்பான எண்ணங்கள் ஆட்களைத் தடுக்கின்றன. காப்பகத்தில் தங்கினால்தான் கவுன்சலிங் கிடைக்கும் என்பது ஒன்று. பெரும்பாலான இடங்களில் வெளியே இருப்பவர்களுக்கும் உண்டு, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். போலீஸ் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பெரும்பாலும் அதுவும் தேவையில்லை. மூன்றாவதுதான் மிகவும் வருத்தமானது: "நான்தான் வெளியே வந்துட்டேனே, இப்ப அடிக்கலையே, இது எனக்கானது இல்லை." நாலு மாதம் என்ன, வெளியே வந்து நாலு வருடம் கழித்து வருபவர்களும் உண்டு. உள்ளே இருக்கும்போது உடம்பு தாக்குப்பிடிப்பதிலேயே குறியாக இருக்கும். வெளியே வந்து, கதவைப் பூட்டி, கொஞ்சம் பாதுகாப்பாக உணர்ந்த பிறகுதான் தூக்கம் போகும், நடுக்கம் வரும். அக்காவுக்கு இப்போது நடப்பது இதுவாக இருக்கலாம்.

அமைப்பின் பெயர் தெரியவில்லையா? நாட்டளவில் பெண்களுக்கான உதவி எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். "உதவி வேணும்" என்று மட்டும் சொன்னால் போலீஸ் பக்கம் திருப்பிவிடக்கூடும். "கவுன்சலிங் மட்டும் வேணும், எங்க பகுதியில இலவசமா எங்கே இருக்கு" என்று குறிப்பாகக் கேளுங்கள். அடுத்து, நான் அதிகம் நம்பும் வழி, பொது மருத்துவமனையின் சமூகப் பணியாளர். பெரிய மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் எங்காவது ஒரு மூலை அறையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் எண்கள் எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காது. எந்த இடம் மூடிவிட்டது, எங்கே ஃபோன் எடுக்க மாட்டார்கள், எங்கே உண்மையிலேயே உட்காரவைத்துப் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இலவச சட்ட உதவி மையம், குழந்தைகளின் பள்ளிக் கவுன்சலர் ஆகியோரும் இதே மாதிரி கைகாட்டிகள்.

முதல் ஃபோன் எப்படி இருக்கும் என்று தெரியாததாலேயே பலர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அடிக்காமல் இருக்கிறார்கள். நான் சில வருடங்கள் இப்படி ஒரு எண்ணில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தவுடன் நாங்கள் பெயர் கேட்க மாட்டோம். "இப்போ பேசலாமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து, "லைன் கட் ஆனா திரும்பக் கூப்பிடலாமா, வேண்டாமா?" அதற்கு வரும் பதிலிலேயே பாதி நிலைமை புரிந்துவிடும். ஒருமுறை ஒரு பெண், "கூப்பிடலாம், ஆனா தையல் கடையிலிருந்து பேசறேன்னு சொல்லுங்க" என்றார். தாளின் மேல் ஓரத்தில் 'தையல் கடை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். பல மாதங்கள் நாங்கள் அவருக்குத் தையல் கடைதான். பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் வேறு பெயர் சொல்லலாம். முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. அழுதுகொண்டே இருந்துவிட்டு வைத்தாலும் அது ஒரு ஃபோன்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த முதல் பேச்சிலேயே அக்கா சொல்லியாக வேண்டியவை சில உண்டு. கணவர் எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, கையில் ஆயுதம் இருக்கிறதா, இப்போது பின்தொடர்கிறாரா. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கேள்விகளில் இவை எல்லாம் உண்டு. அவரும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆணால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. பிரிந்து வந்த முதல் மாதங்கள் ஆபத்து கூடும் காலம் என்பதும் இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. "அவர் ஒரே ஒரு தடவைதான் கழுத்தைப் பிடிச்சார்" என்று அக்கா லேசாகச் சொல்லியிருந்தால், அதை லேசாக விட்டுவிடாதீர்கள். கணவர் வாசலில் வந்து நின்றால் கவுன்சலருக்கு ஃபோன் செய்துகொண்டிருக்க வேண்டாம், அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

அடுத்து வரும் சந்தேகம் எனக்குத் தெரியும். இலவசம் என்றால் யாரோ கத்துக்குட்டியை உட்காரவைத்திருப்பார்களே, பட்டம் பெற்ற நிபுணரிடம் போனால்தானே சரியாகும்?

இதில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. அமெரிக்காவின் மிச்சிகனில் கிறிஸ் சலிவன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். காப்பகத்திலிருந்து வெளியேறும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற கல்லூரி மாணவிகளைத் துணையாகக் கொடுத்தார். பத்து வாரம், வாரத்துக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம். அந்த மாணவிகள் மனோதத்துவம் எதுவும் பேசவில்லை. வாடகைக்கு வீடு தேடக் கூடப்போனார்கள், நீதிமன்ற வராந்தாவில் கூட உட்கார்ந்தார்கள், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் படிவம் நிரப்பினார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, துணை கிடைத்த பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அந்தக் காலம் முழுவதும் வன்முறையே இல்லாமல் இருந்திருந்தார். துணை கிடைக்காதவர்களில் அது பத்தில் ஒருவர்தான். நாலில் ஒருவர் என்பது கம்மிதான், ஆனால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2016இல் ஒரு எளிய ஆலோசனை முறையை வெளியிட்டது. ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மூச்சைச் சீராக்குவது, தீர்க்கக்கூடிய பிரச்சினையைப் பிரித்தெடுப்பது, விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவது, நம்பக்கூடிய ஆட்களோடு தொடர்பைப் புதுப்பிப்பது. பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்றவர்கள் நடத்துவதற்கென்றே வடிவமைத்தது. நைரோபியின் ஏழைப் பகுதிகளில் சமூக சுகாதாரப் பணியாளர்களே இதை நடத்தினார்கள். வந்த பெண்களில் பெரும்பாலோர் வன்முறையை அனுபவித்தவர்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு மன உளைச்சல் குறைந்திருந்தது என்று 2017இல் முடிவு வெளிவந்தது. ஆகவே கேட்க வேண்டியது பட்டம் என்ன என்பதைவிட, "குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தீர்களா, உங்களுக்கு மேலே வழிகாட்ட ஒருவர் இருக்கிறாரா" என்பது. சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டிய ஒருவர், "நீங்க எதுக்கு அவர் கோபப்படற மாதிரி நடந்துக்கிட்டீங்க" என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

பட்டம் பெற்றவர் கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. தற்கொலை எண்ணம், நாள்கணக்கில் தூக்கமே இல்லாமை, நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப ஓடி அன்றாட வேலையே நின்றுபோவது, மது அல்லது மாத்திரையில் விழுவது. அப்போது மனநல மருத்துவர். பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செலவு குறைவு, பல நாடுகளில் இலவசம். தற்கொலை எண்ணம் இருந்தால் முறை வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

அமைப்புகளில் இடமில்லை என்றால் வேறு வழிகள். உளவியல் முதுகலை நடத்தும் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பயிற்சி மையம் இருக்கும். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பார்ப்பார்கள், கட்டணம் பெயரளவுக்கு. கல்வியாண்டு முடிந்தால் ஆள் மாறுவார்கள், அதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் கவுன்சலர்களிலும் சிலர் வருமானத்துக்கு ஏற்றபடி குறைத்து வாங்குவார்கள். ஆனால் அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். "முழுக் கட்டணம் என்னால முடியாது, குறைச்சு எடுக்கற இடம் ஏதாவது வச்சிருக்கீங்களா" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதி சில நாடுகளில் கவுன்சலிங் செலவையும் கொடுக்கிறது. அதற்குப் புகார் பதிவாகியிருக்க வேண்டிவரலாம். அக்கா வேலைக்குப் போகிறார் என்றால் நிறுவனத்தில் ஊழியர் நலத்திட்டத்தில் சில அமர்வுகள் இலவசமாக இருக்கக்கூடும்.

காப்பீடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலிசி கணவர் பெயரில் இருந்தால், எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்தக் கவுன்சலரிடம் போனார் என்ற விவரம் கணவர் வீட்டுக்கே தபாலில் போகலாம், அல்லது அவர் ஃபோனில் குறுஞ்செய்தியாக விழலாம். செலவு மிச்சம் என்று இதைப் பயன்படுத்தி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஃபோனும் அப்படித்தான். அக்கா வைத்திருப்பது கணவர் வாங்கிக் கொடுத்ததா? கணக்கு யார் பெயரில்? இருப்பிடம் பகிர்வது ஓடிக்கொண்டிருக்கிறதா? குழந்தைகளின் டேப்லெட்டில் பழைய குடும்பக் கணக்கு இன்னும் உள்நுழைந்தபடி இருக்கிறதா? உலாவியை மறைநிலையில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபோனில் உளவு செயலி இருந்தால் அது எதையும் மறைக்காது. முதல் சில அழைப்புகளை உங்கள் ஃபோனிலிருந்தே செய்யச் சொல்லுங்கள். ஃபோனை ஆராய்ந்து செயலிகளை அழிப்பதை அந்த அமைப்பினரிடம் கேட்ட பிறகு செய்யலாம். சட்டென்று எல்லாம் அணைந்துபோனால் கண்காணிப்பவருக்கு அதுவே ஒரு தகவல்.

ரகசியம் பற்றி முதல் அமர்விலேயே கேளுங்கள். குறிப்புகளை யார் பார்ப்பார்கள், நீதிமன்றம் கேட்டால் கொடுப்பார்களா, எந்தெந்தச் சூழ்நிலையில் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. இதைக் கேட்டு அக்கா பின்வாங்கத் தேவையில்லை, எது எங்கே போகும் என்று தெரிந்து பேசினால் போதும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நாட்டில் இருந்தால், குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கணவரின் வட்டத்தில் பழகும் ஆளாகவும் இருக்கக் கூடாது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு கேட்டால் வேறு ஊர் ஆள் கிடைப்பார். விசா கணவர் பெயரில் இருந்தால், "நாடு கடத்திவிடுவார்கள்" என்ற அவர் மிரட்டலை நம்புவதற்கு முன் இலவச சட்ட உதவியில் ஒரு வார்த்தை கேளுங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று தனிவழி வைத்திருக்கும் நாடுகள் உண்டு.

காத்திருப்புப் பட்டியல் இருக்கும். ஆறு வாரம், எட்டு வாரம் என்று சொன்னால் பெயரைப் பதிந்துவிட்டு, "யாராவது வராத நாளில் கூப்பிடுங்க, உடனே வரோம்" என்று சொல்லி வையுங்கள். அந்த இடைவெளியில் குழுக் கூட்டம் ஏதாவது நடக்கிறதா என்றும் கேளுங்கள். அனுபவித்த பெண்களே வட்டமாக உட்கார்ந்து பேசுவது. முதல் நாள் அக்கா வாயே திறக்க மாட்டார், திறக்கவும் வேண்டாம். நான் பார்த்த ஒரு கூட்டத்தில் ஒருவர், "கேட்டைத் திறக்கற சத்தத்துலயே அன்னைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். சுற்றியிருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். மூலையில் ஒரு மணி நேரமாகக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவர், அப்போதுதான் அதைத் தரையில் வைத்தார். தனி அமர்வில் இது நடக்க வெகுநாள் பிடித்திருக்கும்.

முதல் கவுன்சலர் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். இரண்டு மூன்று அமர்வு கொடுத்துப் பாருங்கள். ஆனால் "திரும்பப் போய்விடுங்கள்" என்றோ "ஏன் இத்தனை நாள் பொறுத்தீர்கள்" என்றோ சொன்னால் அன்றே நிறுத்திவிடலாம். முதல் அமர்விலேயே நடந்ததை எல்லாம் விவரமாகச் சொல்ல வற்புறுத்துபவரும் வேண்டாம். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் எழுதிய வரிசை இன்றும் பயன்படுகிறது: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நடந்ததைத் திரும்பப் பார்ப்பது, கடைசியில் மனிதர்களோடு மறுபடி சேர்வது. தூக்கம் வராதவரிடம் போய் பழையதைக் கிளறுவதில் பயன் இல்லை.

கடைசியாக, தங்கைக்கு. நீங்கள் எண்ணைத் தேடிக் கொடுங்கள், நேரம் குறித்துக் கொடுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனை அக்காவே செய்யட்டும். ஒன்பது வருடம் எல்லாவற்றையும் இன்னொருவர்தான் முடிவு செய்திருக்கிறார், இதையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் ஒருமுறை மட்டும் கேளுங்கள். செய்கிறேன் என்று சொல்லும் நாளில் குழந்தைகளை வெளியே கூட்டிப் போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். என்ன பேசினாய் என்று கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.